சோப்புக் கம்பெனிப் பூட்டு

முதலில் அந்தப் பூட்டு எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. முடிவெட்டும் கடைக்குப் போய்த் திரும்பியபோது தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. மீன் சந்தையைத் தாண்டும்போது பூசணிக்காய். கடைசியாகச் சொன்ன பெரியவர் ஒருவர், பூட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், சாவியைக் கைவண்டியில் வைத்துத்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள் என்றார். அந்த வண்டியைத் தானே ஒரு தடவை தள்ளியதாகவும், அன்றைக்குப் பிடித்த இடுப்பு இன்றைக்கும் விடவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்.

இத்தனையையும் ஒரு கருவியில் பதிவு செய்துகொண்டு, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் 'ம்... ம்...' என்று தலையாட்டியவர் டேப்பு சார். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவர். அவருடைய கருவியில் டேப்பு என்று எதுவும் கிடையாது. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். ஆனால் ஊர் ஒரு பெயரை வைத்துவிட்டால் அரசாங்கம் வந்தாலும் அழிக்க முடியுமா?

அவர் தேடிப்போன விஷயம், அவர் பிறப்பதற்கு முந்தைய வருடம் வந்த வெள்ளம். ஏரி உடைந்து, தண்ணீர் நேராகச் சோப்புக் கம்பெனிக்குள் புகுந்தது. கிடங்கில் இருந்த சோப்பு அத்தனையும் கரைந்ததில் ஊர் முழுக்க ஆள் உயரத்துக்கு நுரை நின்றது. நாய்கள் எல்லாம் வெள்ளை நாய்களாகிவிட்டன. எது யாருடைய நாய் என்று தெரியாமல் ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு மாதத்துக்கு ஊரில் யார் யாரைத் திட்டினாலும் வாயிலிருந்து குமிழிதான் வந்தது. சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் அன்றைக்குக் கம்பெனிக்குள் வேலைக்கு இருந்தவர்கள் சிரிக்கவில்லை. முன்வாசல் கேட்டு திறக்கவில்லை. சுவர் ஏறிக் குதித்ததில் பலருக்குக் கால் போயிற்று. பேக்கிங் பகுதியில் வேலை பார்த்த ஒரு பெண் மட்டும் வீடு திரும்பவில்லை.

கம்பெனிக் காகிதங்கள் அன்றைக்கே கூழாகிவிட்டன. முதலாளி குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. நகரசபையில் போய்க் கேட்டால், "வெள்ளமா? எந்த வெள்ளம்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்கள். மிச்சம் இருந்தது ஆட்களின் வாய் ஒன்றுதான். அந்த வாய்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தன. அதனால்தான் டேப்பு சார் வீடு வீடாக ஏறி இறங்கினார். நகரசபைக் கட்டடத்திலேயே ஓர் அறையை வாங்கி, அங்கே அந்தக் குரல்களை வைக்கவேண்டும் என்று மல்லுக்கட்டி அனுமதியும் பெற்றுவிட்டார். நல்ல காரியம்தான். கெட்ட காரியம் செய்கிறவன்கூட இவ்வளவு கஷ்டப்பட மாட்டான்.

பூட்டு விஷயத்தை முதலில் சொன்னவர் பாய்லர் அண்ணன். கம்பெனியில் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். அன்றைக்கு ஒடிந்த இடது கால் இன்றும் நடக்கும்போது அரை வட்டம் போட்டுத்தான் முன்னால் வரும். அவர் சொன்னதை மறுநாள் முடிவெட்டும் கடையில் கத்தரி சொன்னார். கத்தரி என்பது கடைக்காரரின் பட்டப்பெயர். கையில் இருப்பதற்காக வைத்தார்களா, வாயில் இருப்பதற்காக வைத்தார்களா என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. அதற்குப் பிறகு யாரிடம் கருவியை நீட்டினாலும் பூட்டுதான். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டினான், பூட்டிவிட்டு ஓடினான். ஒருவர் சாவியை அவன் விழுங்கியதைப் பார்த்திருந்தார்.

டேப்பு சாருக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவர் சொன்னால் கதை, பத்துப் பேர் சொன்னால் சரித்திரம் அல்லவா? உள்ளூர்ப் பத்திரிகையில் அரைப்பக்கம் எழுதினார். 'வாயிலைப் பூட்டியவர்' என்று தலைப்பு. வாட்ச்மேனின் பெயரைப் போடவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகத் தன்னைத் தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டார். ஆனால் அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் என்று இருந்தவர் ஒரே ஒருவர்தான் என்பது ஊருக்கே தெரியும். எப்போதும் கழுத்தில் விசிலோடு திரிந்தவர். இப்போது விசில் தாத்தா.

அந்த விசில் தாத்தாவிடம் மட்டும் டேப்பு சார் இன்னும் போகவில்லை. 'கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டார். குற்றவாளியைக் கடைசியில் விசாரிப்பதுதான் முறை என்று எங்கே படித்தாரோ!

நகரசபை அறையில் பூட்டுக்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்தார்கள். அசல் பூட்டு யாரிடமாவது இருந்தால் தரலாம் என்று சொல்லி அனுப்பியதில் மூன்று பூட்டுகள் வந்து சேர்ந்தன. மூன்றும் அசல்.

*

டேப்பு சாரின் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. ஊராரின் கண்ணைப் பார்ப்பது பிழைப்பு. கணவரின் வாயைப் பார்ப்பது பொழுதுபோக்கு. பதிவுகளைக் காதில் மாட்டிக்கொண்டு சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்து கொடுப்பதும் அவர்தான். பாய்லர் அண்ணன் வீட்டை ஒட்டி மாவு மில் ஓடுகிறது என்பதால், இரைச்சலாக இருந்த அந்த முதல் பதிவை மட்டும் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்தார்.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்."

"என்ன, மில் சத்தமா?"

"மில் சத்தம் இல்ல. உங்க சத்தம்."

காதில் மாட்டுவதைக் கழற்றி அவரிடம் நீட்டினார். டேப்பு சார் மாட்டிக்கொண்டார். மாவு மில் தடதடவென்று ஓடியது. அதற்கு நடுவில் பாய்லர் அண்ணனின் குரல்: "எல்லாரும் கேட்டுக்கு ஓடினோம் சார். கேட்டு தொறக்கல." அதோடு நின்றுவிட்டது. மில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இடத்தில் சும்மா இருந்திருக்க வேண்டும். அதை வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவரே இவர்தான். 'கேள்விக்குள் பதிலை வைக்காதீர்கள். அவர்கள் பேச்சை நிறுத்தினால் நீங்களும் பொறுத்திருங்கள். வயசான ஞாபகத்துக்கு மூட்டுவலி உண்டு, படியேறி வரட்டும்' என்று மாணவர்களைச் சிரிக்கவைத்தே சொல்லிக்கொடுப்பார். சொன்னவரின் குரல் இப்போது காதுக்குள் கேட்டது. தேன் தடவிய குரல்.

"ஏன் தொறக்கல? வாட்ச்மேன் பூட்டு போட்டுட்டாரோ?"

"...போட்டிருப்பாரு."

"பெரிய பூட்டோ?"

"பெருசாத்தான் இருக்கும்."

"பூட்டிட்டு அவரு எங்க போனாரு? ஓடிட்டாரா?"

"ம்."

டேப்பு சார் மறுபடியும் ஓடவிட்டுக் கேட்டார். மறுபடியும் அதேதான். மனைவி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கேட்டதும் நீங்க, சொன்னதும் நீங்க. அந்த மனுஷன் பாவம், 'ம்'னு மட்டும்தான் சொல்லியிருக்காரு. அதுகூட நீங்க ஊரெல்லாம் போய்ச் சொல்ற 'ம்'தான்."

"அவரு சொன்னதாத்தானே எனக்கு ஞாபகம்..."

"ஊராருக்கும் அப்படித்தான் ஞாபகம்."

டேப்பு சார் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தார். பாய்லர் அண்ணன் வீட்டில் அன்றைக்கு நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மேசைமேல் டீ ஆறிக்கொண்டிருந்தது. பாய்லர் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மௌனம் பெரிதாக இருந்தது. அதை எதையாவது போட்டு அடைத்துவிட்டால் தேவலை என்று இருந்தது. அடைக்கக் கையில் கிடைத்தது ஒரு பூட்டு. கடன் வாங்கவில்லை, விலைக்கு வாங்கவில்லை, அவர் வாயிலேயே வார்த்து எடுத்த பூட்டு.

மறுநாளே சரிசெய்துவிடலாம் என்று கிளம்பினார். நுரை பொங்கிய பிறகு சோப்பைத் திரும்ப வாங்கப் போன கதைதான்.

பாய்லர் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாங்க சார், வாங்க. பேப்பர்ல அருமையா எழுதியிருந்தீங்க."

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தப் பூட்டை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேனாவா? தொட்டேன் சார்! இந்தக் கையால! ஜில்லுன்னு இருந்துச்சு."

"மொதல்ல நான் கேட்டப்போ 'போட்டிருப்பாரு'ன்னுதானே சொன்னீங்க?"

"மொதல்ல மங்கலா இருந்துச்சு சார். நீங்க வந்து கேட்டு கேட்டுத்தான் எல்லாம் கண்ணாடி மாதிரி ஆச்சு. எல்லாம் நீங்க செஞ்ச புண்ணியம்."

இதைவிடக் காறித் துப்பியிருக்கலாம்.

அங்கிருந்து கத்தரியின் கடைக்குப் போனார். நாற்காலியில் ஒருவர் முகமெல்லாம் நுரையோடு படுத்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பூட்டு விஷயம் என்னோட தப்பு. நான் கேள்வியிலயே அதைச் சொல்லிட்டேன். அப்படி ஒரு பூட்டு..."

"சார்," என்று கத்தரி கையைத் தூக்கினார். "வெள்ளம் வந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் அப்போ பிறக்கவே இல்ல."

"உங்கம்மா வயித்துல?"

"அங்கயும் இல்ல."

"அப்புறம் என்ன சார், பாத்தவங்க நாங்க சொல்றோம், வயித்துலகூட இல்லாத நீங்க இல்லன்றீங்க?"

நுரைக்குள் இருந்து ஒரு குரல் வந்தது. "படிச்சவங்களுக்கு எதையும் நம்பத் தெரியாதுப்பா." கடையே சிரித்தது. நுரைக்காரரும் சிரித்ததில் கத்தரிக்குக் கை நின்றது. இல்லாவிட்டால் மூக்கு போயிருக்கும்.

கடைசியில் கேட்டையே தேடிக் கண்டுபிடித்தார். வண்டி பழுதுபார்க்கும் கொட்டகை ஒன்றின் பின்சுவராக அது நின்றுகொண்டிருந்தது. பெரிய இரும்புத் தகடு. மேலே கம்பெனியின் அன்னப்பறவை, துருப்பிடித்துக் கோழி மாதிரி ஆகியிருந்தது. டேப்பு சார் முழங்காலிட்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பூட்டு மாட்ட வளையம் இல்லை. ஓட்டை இல்லை. இருந்து பிடுங்கிய தழும்பும் இல்லை. உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பியைச் செருக இரண்டு கொக்கி, அவ்வளவுதான். கீலைப் பார்த்தார். உள்பக்கமாக இழுத்துத் திறக்கிற கேட்டு. முற்றம் முழுக்கத் தண்ணீர் நின்று தகட்டை வெளியே அமுக்கும்போது அதை உள்ளே இழுக்க யானையாலும் முடியாது. வாட்ச்மேன் பூட்டவில்லை. தண்ணீர் பூட்டியிருக்கிறது.

படம் பிடித்துக்கொண்டார். இதைக் கொண்டுபோய்க் காட்டினால் தாத்தா மனசு ஆறிவிடும், தன் மனசும் ஆறிவிடும் என்று நினைத்தார். எந்த மனசை முன்னால் நினைத்தார் என்று கேட்காதீர்கள்.

*

விசில் தாத்தாவின் வீடு துணி இஸ்திரி போடும் கடை. முன்னறையில் நீள மேசை. மகள் இஸ்திரி போடுவார். தாத்தா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து மடித்து அடுக்குவார். மகளுக்கு ஐம்பதை ஒட்டிய வயசு, தோளில் ஈரத்துண்டு.

"டேப்பு சாரா?" என்றார் மகள், இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமல். "எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தேன். உள்ள வாங்க. கதவைச் சாத்தாதீங்க. சாத்தினாலும் நிக்காது."

டேப்பு சார் திரும்பிப் பார்த்தார். கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது. உள்ளறைக் கதவிலும் நாலு ஓட்டை. அலமாரிக் கதவு வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

"அப்பாதான். திருப்புளியை எடுத்துட்டு எல்லாத்தையும் கழட்டிட்டாரு. வீட்ல எந்தக் கதவையும் பூட்டக் கூடாதாம். குளியலறையும் சேத்துத்தான். உள்ள ஆள் இருக்குன்னு தெரியணுமேன்னு நான் பாடிக்கிட்டே குளிக்கறேன். எனக்குப் பாட்டும் வராது. தெருவே அவஸ்தைப்படுது சார்."

டேப்பு சாருக்குச் சிரிப்பு வந்தது. பாதி வழியில் அது வேறு ஏதோ ஆயிற்று.

"எப்போலேர்ந்து இப்படி?"

"உங்க பேப்பர் வந்ததுலேர்ந்து. மொதல்ல 'இல்லவே இல்ல'ன்னு குதிச்சாரு. பேப்பரைக் கிழிச்சாரு. அப்புறம் முடிவெட்டப் போனாரு, வெட்டாமலே திரும்பி வந்தாரு. 'இத்தனை பேரு பாத்திருக்காங்களே, நான்தான் மறந்துட்டேனா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. ஒரு நாள் காலையில எந்திரிச்சு, 'ஆமாம்மா, பூட்டினேன்'னுட்டாரு." மகள் சட்டையைத் திருப்பிப் போட்டார். "எங்கப்பா பூட்டினாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது சார். நான் அப்போ சின்னப் பொண்ணு. ஆனா இத்தனை வருஷம் நிம்மதியாத் தூங்கின மனுஷன்."

தாத்தா அதுவரை தலை நிமிரவில்லை. ஒரு சட்டையின் கைகளைப் பின்னால் மடித்து, கழுத்துப்பட்டையை நீவி, அடுக்கின்மேல் வைத்தார். பிறகு கருவியைக் காட்டினார்.

"போடுங்க தம்பி. சொல்லிடறேன். பூட்டினது நான்தான்."

சிவப்புப் புள்ளி எரிந்தது.

"பெரிய பூட்டு. இந்தா, இவ்வளவு. சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு. பயந்துட்டேன். பேக்கிங்ல ஒரு பொண்ணு இருந்துச்சு, என்னை 'விசிலண்ணே'ன்னுதான் கூப்பிடும். அதை நான்தான்..." நிறுத்தினார். "எழுதிக்கங்க. பேரையும் போட்டுக்கங்க. நீங்க பேரு போடாம விட்டது எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு."

டேப்பு சார் அவசர அவசரமாகப் படத்தை எடுத்து நீட்டினார். "ஐயா, இதைப் பாருங்க. இந்தக் கேட்டுல பூட்டு மாட்டவே முடியாது. வளையமே இல்ல. நீங்க பூட்டலை!"

தாத்தா படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "கேட்டு இதுதான். அன்னம் இருக்கே." கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ சங்கிலி போட்டுப் பூட்டியிருப்பேன்."

"சங்கிலியா?"

"ஆமா. சங்கிலிதான். பெரிய சங்கிலி. இப்போ ஞாபகம் வருது." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "உங்களுக்கு நல்ல மனசு தம்பி. கெழவன் கஷ்டப்படறானேன்னு சொல்றீங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். 'ஐயா, அந்தப் பூட்டை உங்க கையில கொடுத்தது நான்' என்று ஒரே வரி. நாக்கு நுனிவரை வந்தது. மகள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார். அது சூடாக இருந்தது. நல்ல மனசு என்று வேறு கிழவர் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைக் கழற்றி வைக்க யாருக்கு மனசு வரும்? டேப்பு சார் அந்த உண்மையில் தாத்தாவைச் சேர்ந்த பாதியை மட்டும் சொல்லிவிட்டுத் தன் பாதியை விழுங்கிக்கொண்டு எழுந்தார். சாவியை விழுங்கினதாக யாரோ சொன்னார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

"சொல்லிட்டீங்களா?" என்றார் மனைவி, வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே.

"பூட்டு இல்லன்னு சொன்னேன். சங்கிலின்றாரு."

"பூட்டை யாரு கொண்டுவந்தாங்கன்னு சொன்னீங்களா?"

டேப்பு சார் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட வேண்டிய எடத்துல தொறக்கறது. தொறக்க வேண்டிய எடத்துல மூடிக்கறது. இந்த வாய்க்குத்தான் மொதல்ல கண்ணாடி போடணும்." பிறகு குரல் இறங்கியது. "அவரு கிட்டப் போயி 'பூட்டலை'ன்னு சொன்னீங்கல்ல, அதுவும் மொதல்ல செஞ்ச அதே வேலைதாங்க. அப்பவும் நீங்க சொன்னீங்க, இப்பவும் நீங்க சொன்னீங்க. அவரு எப்போதான் சொல்றது?"

"என்ன செய்யச் சொல்றே?"

"மறுபடி போங்க. ஒரு கேள்வி. ஒண்ணே ஒண்ணு. பூட்டு, சாவி, கேட்டு எதுவும் உங்க வாயில வரக் கூடாது." டப்பாவைத் திறந்து, கோலிக்குண்டு மாதிரி கெட்டியான மிட்டாய் ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "கேட்டவுடனே இதை வாயில போட்டுக்கங்க. கடிக்காதீங்க. கரையற வரைக்கும் பேச்சு கிடையாது."

*

"அன்னைக்குக் காலையில எந்திரிச்சதுலேர்ந்து சொல்லுங்க ஐயா," என்றார் டேப்பு சார். சொல்லிவிட்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு கன்னம் வீங்கியது. மகள் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் அடுத்த துணியை விரித்தார்.

"சொன்னேனே தம்பி. நான்தான் பூட்டினேன்."

டேப்பு சார் தலையை ஆட்டவில்லை. 'ம்' சொல்லவில்லை.

தாத்தா கொஞ்ச நேரம் காத்திருந்தார். கேள்வி வரவில்லை. வேறு வழியில்லாமல் காலையில் எழுந்தார். ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றார். வலது செருப்பில் ஓட்டை. அட்டையை வெட்டி உள்ளே வைத்தார். மழைக்கு அட்டை ஊறிக் கம்பெனி போய்ச் சேர்வதற்குள் கஞ்சியாயிற்று. முதலாளியின் வண்டி வந்தது, சல்யூட் அடித்தார். பேச்சு செருப்பைவிட்டு நகரவே இல்லை. டேப்பு சாருக்கு நெஞ்சுக்குள் அரித்தது. மிட்டாயை மறுகன்னத்துக்குத் தள்ளினார்.

"பின்பக்கம்தான் சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா முழங்கால் தண்ணி. விசிலை வாயில வெச்சு ஊதறேன், சத்தம் வரல. உள்ள சோப்புத் தண்ணி போயிடுச்சு. குமிழிதான் வருது. ஊதறேன், குமிழி. ஊதறேன், குமிழி." தாத்தாவுக்கே சிரிப்பு வந்தது. கையில் இருந்த சட்டையை மேசையில் போட்டார். "எல்லாரும் ஓடி வராங்க. இடது கையில தடி இருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டேன். கம்பியை உருவிட்டேன். உருவிட்டு..."

எழுந்து நின்றார். மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு பாதத்தைச் சுவரில் ஊன்றினார். மேசை ஆடியது, மகள் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்கறேன். பாய்லர் தம்பி என் இடுப்பைப் பிடிச்சு இழுக்கறான். அவன் இடுப்பை இன்னொருத்தன் பிடிச்சிருக்கான். வரிசையா இழுக்கறோம். காலுக்குக் கீழ வழுக்குது. எல்லாரும் ஒருத்தர்மேல ஒருத்தர் விழறோம். மறுபடி எந்திரிச்சு இழுக்கறோம். கேட்டு வரல. அது அந்தப் பக்கமே போய் அமுந்துக்குது..."

பேச்சு நின்றது. கைகள் மேசை விளிம்பிலேயே இருந்தன, நரம்பு புடைத்தபடி.

டேப்பு சாரின் வாயில் மிட்டாயோடு சேர்ந்து ஏழெட்டுக் கேள்விகள் உருண்டன. ஒவ்வொன்றும் நல்ல கேள்வி. ஒவ்வொன்றிலும் ஒரு பதில் ஒளிந்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டார். தெருவில் ஒரு வண்டி போய் ஓய்ந்தது. மௌனம் அறைக்குள் தண்ணீர் மாதிரி ஏறியது. அவர் கழுத்து வரை வந்துவிட்டது. நகராமல் உட்கார்ந்திருந்தார்.

"இழுத்தேனே," என்றார் தாத்தா, யாரிடமோ. "பூட்டினவன் எதுக்கு இழுக்கறான்?"

வலது கை மெதுவாக இடுப்புக்குப் போனது. தடவிப் பார்த்தது. மறுபக்கம் போனது. அங்கேயும் தடவியது.

"சாவியே எனக்குக் கிடையாதே. தடி குடுத்தாங்க, விசில் குடுத்தாங்க, தொப்பி குடுத்தாங்க. சாவி எதுக்குக் குடுக்கறாங்க? கம்பிதானே..."

ஏதோ தீயும் வாசனை வந்தது. யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. மகள் அதை எடுக்கவில்லை, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு," என்றார் தாத்தா, "என் தோள்ல கால் வெச்சுத்தான் சுவத்துல ஏறிச்சு. 'ஏறும்மா, ஏறு'ன்னு தூக்கி விட்டேன். அந்தப் பக்கம் தெருவுல ஆறு மாதிரி போகுதுன்னு எனக்குத் தெரியல. 'விசிலண்ணே'ன்னு ஒரு சத்தம்." தோளைத் தொட்டார். "இந்தத் தோள்."

முக்காலியில் உட்கார்ந்தார். அழுதார். கொஞ்ச நாளாக அவருக்கு இருந்தது அகப்பட்டுக்கொண்ட திருடனின் முகம். இப்போது அழுதது ஒருத்தியைப் பறிகொடுத்தவரின் முகம். இரண்டுக்கும் வித்தியாசம் மகளுக்குத் தெரிந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பெட்டியைத் தூக்கினார். சட்டையின் முதுகில் பழுப்பாக ஒரு முக்கோணம்.

தாத்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். இப்போது பார்வை தெளிவாக இருந்தது. அந்தப் பார்வை நேராக டேப்பு சாரிடம் வந்து நின்றது.

"அப்போ இந்தப் பூட்டு எங்கேர்ந்து வந்துச்சு தம்பி?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. ஊர் வாய் என்று சொல்லலாம். கத்தரியைச் சொல்லலாம், கத்தரிமேல் எதைப் போட்டாலும் ஊர் நம்பும். பாய்லர் அண்ணன் தொட்டுப் பார்த்ததைச் சொல்லலாம். சும்மாவும் இருக்கலாம், கேட்கிறவர் பேசக் கூடாது என்பதுதான் முறை. நகரசபை அறைக்குப் போகும் பதிவுகளில் கேட்பவரின் குரலை வெட்டி எடுத்துவிடுவதும் அவருடைய வழக்கம்தான்.

நாக்கால் துழாவினார். மிட்டாய் எப்போதோ கரைந்திருந்தது.

மேசையில் தாத்தாவைப் பார்த்துக் கிடந்த கருவியை எடுத்துத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எங்கிட்டேர்ந்து ஐயா," என்றார்.

மகளின் கை நின்றது. தாத்தா திட்டவில்லை. ஆச்சரியப்படவுமில்லை. அடுக்கிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடியில் போட்டு, கைகளைப் பின்னால் மடித்தார்.

"பாய்லர் அண்ணன் வீட்ல. அவரு 'கேட்டு தொறக்கல'ன்னுதான் சொன்னாரு. நான்தான் பொறுக்காம, 'வாட்ச்மேன் பூட்டு போட்டுட்டாரோ'ன்னு..."

நிறுத்தினார். இவ்வளவு போதும் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று பார்த்தார். மகள் சொல்லவில்லை. தாத்தா கழுத்துப்பட்டையை நீவிக்கொண்டே, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல்,

"ம்," என்றார்.

அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டேப்பு சார்தான் சொல்லிக்கொண்டே போக வேண்டியிருந்தது.